பாசிக்குடாவில் எங்கே தங்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாசிக்குடா போகிறோம். கடற்கரை ஹோட்டலா, உள்ளே சின்ன விடுதியா? (வாசகி, வவுனியா)

பதில்: சின்ன விடுதியையே எடுங்கள். குடாவை ஒட்டிய பெரிய ஹோட்டல்கள் போர் முடிந்தபின் எழுந்தவை. அங்கே நீங்கள் காசு கொடுப்பது கடலைப் பார்த்த அறைக்கும் நீச்சல் தடாகத்துக்கும். பாசிக்குடாவின் சிறப்போ தண்ணீரில்தான் இருக்கிறது. அலையில்லாத ஆழமற்ற கடல், வெகுதூரம் நடந்தே போகலாம். பொதுக் கடற்கரை வழியாக இறங்கினாலும் அதே கடல்தான். கல்குடாப் பக்கமும் வாழைச்சேனை வீதியோரமும் குடும்பங்கள் நடத்தும் விடுதிகள் உண்டு. கைவசம் வண்டி இருக்கும்போது அந்தத் தூரம் ஒரு பொருட்டே அல்ல.

அறையைவிட முதலில் வண்டி நிறுத்துமிடத்தைக் கேளுங்கள். இரவில் கேற் பூட்டுவார்களா? தரை இறுகியதா? பொலபொலத்த மணலில் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சரியும். உப்புக்காற்றுக்குச் சங்கிலி துருப்பிடிக்கும். கழுவ ஒரு குழாயும் கேட்டு வையுங்கள். சாப்பாட்டையும் விசாரியுங்கள், சொல்லிவைத்தால் மீன் குழம்பு சமைத்துத் தரும் வீடுகள் இருக்கின்றன.

மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, அப்போது வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன் தங்கச்சி. ஹபரணை, மின்னேரியா, வெலிக்கந்தை வீதியில் யானைகள் குறுக்கே வரும். விடியவே புறப்பட்டு, பொழுதுபடமுன் விடுதிக்குப் போய்ச் சேருங்கள்.