பாட்டியின் கண்ணும் ஐந்து நட்சத்திரமும்

செனாவாங் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில், நோயுற்றவருக்குத் தெரிவு என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டத்து மருந்தகத்தில் டிரசர் கொடுத்ததுதான் மருந்து. தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்ட இன்று, கடை வரிசைகளில் கிளினிக்குகள் இருக்கின்றன. அருகிலுள்ள சிரம்பானில் துவாங்கு ஜாபார் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. எதை நம்புவது என்பதே இப்போதைய சிக்கல்.

செனாவாங்கில் ஒரு பாட்டிக்குக் கண்புரை என்று வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்காகக் குடும்பத்தார் சேமிப்புப் பணத்தை எடுக்கத் தயாராகிறார்கள்.

“இந்த இடத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்காங்க, பாட்டி!” என்கிறான் நான்காம் படிவத்தில் பயிலும் பேரன்.

“நட்சத்திரம் போட்டவங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாமா?”

பேரன் மீண்டும் படித்துப் பார்க்கிறான். வாகனம் நிறுத்த இடம் உண்டு, தாதியர் இன்முகத்துடன் பேசுகின்றனர், காத்திருக்கும் நேரம் குறைவு. பார்வையைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு அவன் மலேசிய மருத்துவ மன்றத்தின் அகப்பக்கத்திற்குச் செல்கிறான். மருத்துவரின் பெயரைத் தட்டினால், அவர் பதிவு பெற்றவரா, நடப்பு ஆண்டில் தொழில் புரியச் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்பது தெரியும். நிபுணத்துவ மருத்துவர்களுக்குத் தனிப் பதிவேடும் உண்டு. எம்.எஸ்.கியூ.எச். எனப்படும் மலேசியச் சுகாதாரத் தரக் கழகம் 1997 முதல் இயங்குகிறது. விண்ணப்பிக்கும் மருத்துவமனைகளை அது ஆய்வு செய்து தரச் சான்றளிக்கிறது. மருத்துவமனையின் நடைமுறைகள் ஒழுங்காக உள்ளன என்பதற்கே அச்சான்று. ஒரு குறிப்பிட்ட மருத்துவரின் கைத்திறனுக்கு அன்று.

கண்புரையைப் பொறுத்தவரை நம் நாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கண்புரை அறுவைச் சிகிச்சைப் பதிவேடு, சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் எத்தனை பேருக்குச் சிகிச்சை நடந்தது, எத்தனை பேருக்குச் சிக்கல் நேர்ந்தது, பிறகு பார்வை எவ்வளவு தெளிந்தது என்பவற்றைத் தொகுத்து அறிக்கையாக வெளியிடுகிறது. பாட்டி கேட்டது இதைத்தானே! எல்லா நோய்களுக்கும் இப்படி ஒரு பதிவேடு கிடைப்பதில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒப்பிடவும் இது அவ்வளவாக உதவாது. அங்கே பயனீட்டாளர்தான் வாய்திறந்து கேட்க வேண்டும். நோயாளி கேட்டால் உத்தேசக் கட்டணத்தை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு முதல் தனியார் மருத்துவமனைகளுக்குள்ள விதி.

பேரன் ஒரு தாளில் எழுதத் தொடங்குகிறான். ‘ஆண்டுக்கு எத்தனை கண்புரை அறுவைச் சிகிச்சைகள் செய்கிறீர்கள்? எத்தனை பேருக்குச் சிக்கல் நேர்ந்தது? மொத்தச் செலவு எவ்வளவு?’

“சிக்கல் வந்தா யாரு பாப்பாங்கன்னும் எழுது,” என்கிறார் பாட்டி.