ரன் பட்டனை அழுத்துவதற்கு முன்

அன்புள்ள சகோதரிக்கு,

சொந்த ஊரில் ஏழாவதும் எட்டாவதும் படிக்கும் பிள்ளைகளுக்கு, வார இறுதி மாலைகளில் கூகுள் மீட் வழியாகக் காசு வாங்காமல் கோடிங் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் திரையைப் பகிர்ந்து செய்து காட்டினால் எல்லாரும் அப்படியே செய்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதிலேயே சின்னதாக ஒரு மாற்றம் சொன்னால் ஒருவருக்கும் கை ஓடுவதில்லை. "நேரில் உட்கார்ந்து சொன்னால்தான் இது வருமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால், பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நேரில் இல்லாததுதான் குறை என்று நான் நினைக்கவில்லை. பள்ளியில் கணினி பயிற்றுநராக வேலை பார்ப்பவள் நான். ஆய்வகத்துக்குள்ளேயே, போர்டில் எழுதிப்போட்ட புரோகிராமை நோட்டில் எழுதி, நோட்டிலிருந்து டைப் செய்து, மனப்பாடமாக பிராக்டிகல் பரீட்சையையும் முடித்துவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஆய்வகத்தில் எனக்கு ஒரு வசதி உண்டு. பின்னால் நின்று பார்க்கலாம். எந்த வரியில் கை நின்றது, எதை டைப் செய்துவிட்டு அழித்தார்கள், பக்கத்துத் திரையை எப்போது எட்டிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆன்லைனில் நமக்கு வந்து சேருவது கடைசி விடை மட்டும்தான். அந்த விடைக்கு முன்னால் பிள்ளையின் மனதில் என்ன ஓடியது என்பதை நம் கண்ணுக்குக் கொண்டுவருவதுதான் ஆன்லைன் வகுப்பின் வேலை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்கு முதலில், "புரிஞ்சுதா?" என்று கேட்பதை அடியோடு விட்டுவிடுங்கள். "புரிஞ்சுது மிஸ்" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் வராது. அதற்குப் பதிலாக, ரன் பட்டனை அழுத்துவதற்கு முன்பு "என்ன வரும்?" என்று கேளுங்கள்.

ஒரு உதாரணம். பைதானில் இரண்டு எண்களை இன்புட் வாங்கி, கூட்டி, பிரிண்ட் செய்யும் மூன்று வரிகளைத் திரையில் வையுங்கள். முதல் எண் 5, இரண்டாவது எண் 3. "விடையை சாட்டில் டைப் செய்யுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று சொல்லி அரை நிமிடம் காத்திருங்கள். பிறகு "இப்போது அனுப்புங்கள்" என்றால் எல்லா விடையும் ஒரே நேரத்தில் வந்து விழும். பார்த்து எழுத யாருக்கும் வாய்ப்பே இல்லை. அநேகமாக எல்லாரும் 8 என்று போட்டிருப்பார்கள். அப்புறம் ஓட்டிக் காட்டுங்கள். திரையில் 53 வரும். இன்புட் வழியாக வருவதையெல்லாம் பைதான் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். நாம் எண்ணாக மாற்றிக் கொடுக்கும்வரை 5-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டத்தான் செய்யும். இதையே முதலில் பாடமாக நடத்தியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள். 8 என்று துணிந்து சொன்ன பிறகு 53-ஐப் பார்க்கும் பிள்ளை, "ஏன் மிஸ்?" என்று தானாகவே மைக்கை ஆன் செய்யும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. இங்கிலாந்தில் 2014 முதல் ஐந்து வயதிலேயே கம்ப்யூட்டிங் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அங்கே சூ சென்டன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பிரிம் என்ற முறையை வகுத்தார்கள். முதலில் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டும், பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும், எப்படி நடந்தது என்று ஆராய வேண்டும், அதிலேயே ஒன்றை மாற்ற வேண்டும், கடைசியாகத்தான் புதிதாக ஒன்றை எழுத வேண்டும். நாம் பெரும்பாலும் முதல் நான்கையும் விட்டுவிட்டுக் கடைசிப் படியில் பிள்ளையை ஏற்றி நிறுத்துகிறோம். உங்கள் வகுப்பில் கை ஓடாமல் நின்றதற்குக் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திப் புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச்சில் சதுரம் போடுவது வரை வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். 100 அடி நட, 90 டிகிரி திரும்பு, இதை 4 தடவை செய். ஸ்கிராட்ச் திரையில் இருக்கும் பூனை சதுரம் போட்டுவிடும். இப்போது முக்கோணம் போடச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்தை ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைகள்தான் முதலில் மாட்டிக்கொள்வார்கள். சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 டிகிரி என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பும் அளவை 60 ஆக்கி, 3 தடவை ஓட்டுவார்கள். முக்கோணம் மூடாது. அறுகோணத்தில் பாதி வந்து அந்தரத்தில் நிற்கும்.

இந்த இடத்தில் 120 என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். எல்லாரையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள். கேமரா தேவையில்லை. வீட்டுத் தரையில் மூன்று தீக்குச்சியை முக்கோணமாகப் போட்டு, அதன் மேலேயே விரலை நடத்திப் பார்க்கட்டும். இடம் இருக்கிறவர்கள் தாங்களே நடந்து பார்க்கட்டும். மூலைக்கு வந்ததும், அதுவரை வந்த திசையிலிருந்து எவ்வளவு திரும்பினால் அடுத்த பக்கத்தில் கால் வைக்க முடியும் என்று கேளுங்கள். செங்கோணத்துக்கு மேல் திரும்ப வேண்டியிருப்பதை உடம்பே சொல்லிவிடும். பூனை திரும்புவது வெளிக்கோணம், நோட்டில் நாம் எழுதுவது உள்கோணம். சதுரத்தில் இரண்டும் 90 என்பதால் அந்தத் தப்பான எண்ணம் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது. இது பிடிபட்ட பிறகு, ஐங்கோணத்துக்கு 72 என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம். முழுச் சுற்று 360. அதைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். அப்புறம் சதுரத்தை 10 டிகிரி திருப்பித் திருப்பி 36 தடவை போடச் சொல்லுங்கள். திரையில் விரியும் பூவைப் பார்த்துவிட்டு அன்றைக்கு யாரும் வகுப்பை விட்டுப் போகமாட்டார்கள்.

1967-ல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள்; இந்த யோசனை அதிலிருந்துதான் பிறந்தது. அதில் பூனைக்குப் பதில் ஆமை. தரையில் ஊர்ந்து கோடு போடும் இயந்திர ஆமையும் இருந்தது. ஆமை எப்படித் திரும்பும் என்று குழப்பமாக இருந்தால் நீயே ஆமையாக நடந்து பார் என்பதுதான் பேப்பர்ட் குழந்தைகளுக்குச் சொன்ன வழி. 2007-ல் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு வெளியிட்ட ஸ்கிராட்ச் அதே மரபில் வந்தது. ஆன்லைன் ஆசிரியருக்கு ஸ்கிராட்ச் செய்யும் பெரிய உபகாரம், பொருந்தாத கட்டை பொருந்தவே பொருந்தாது என்பதுதான். விட்டுப்போன ஒரு அடைப்புக்குறியைத் தேடிக் கால் மணி நேரம் வீணாவதில்லை.

பிள்ளைகளில் பாதிப் பேரிடம் கம்ப்யூட்டர் கிடையாது, அப்பாவின் போன்தான் என்று எழுதியிருந்தீர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது நம் வீடுகளின் நிலைமை என்ன என்பது எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை, ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்குபோட்டுக்கொண்ட வீடுகளில் விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் தங்கைதான். என் வகுப்பில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாலையில் அப்பா வீடு திரும்பத் தாமதமானால் அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடம் போச்சு என்கிற மாதிரி வகுப்பை வைக்கக் கூடாது.

அதனால் திரை இல்லாமலே செய்யக்கூடிய வேலையைத் தினமும் கொடுங்கள். அதில் நான் அதிகம் நம்புவது நோட்டில் போடும் ட்ரேஸ் டேபிளை. ரேஞ்ச் 1, 5 என்று கொடுத்து, எண்களைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் மாறியின் மதிப்பு என்ன, கூட்டுத்தொகை என்ன என்று கட்டம் போட்டு எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். விடை 15 என்று மட்டும் அனுப்பியிருந்தால் கூட்டலில் தப்பா, லூப்பில் தப்பா என்று நமக்குத் தெரியாது. கட்டத்தைப் பார்த்தால் ஐந்தாவதாக ஒரு வரி அதிகமாக இருக்கும். அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. ரேஞ்ச் 5-க்கு முன்னால் 4-லேயே நின்றுவிடும், கூட்டுத்தொகை 10.

இன்னொன்று, வரிகளைக் கலைத்துப்போட்டு அனுப்புவது. ஆறேழு வரியுள்ள ஒரு புரோகிராமை வரிசை மாற்றி, எண் போட்டு அனுப்புங்கள். சரியான வரிசையை "4, 1, 6..." என்று எண்ணாகவே பதில் போடட்டும். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பட்ரீஷியா ஹேடனும் 2006-ல் முன்வைத்த புதிர் முறை இது. பட்டன் போனில் எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்தாலே போதும். போனில் கோடு டைப் செய்யவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். போன் கீபோர்டு வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும், அப்படி வந்த பிரிண்ட்டைப் பைதான் ஏற்காது, என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிடும். டைப் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஆட்டோ கேப்பிட்டல் வசதியை முதல் வகுப்பிலேயே அணைக்கச் சொல்லிவிடுங்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்லுங்கள்: பைதான் 3-ல் மாறிக்கு மதிப்பெண் என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்.

பிள்ளை தடுமாறும்போது அதன் மவுஸை நாமே கைப்பற்றிச் சரிசெய்யும் வசதி சில மென்பொருள்களில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அந்த நொடியில் கற்றுக்கொண்டிருந்த ஒரு ஆளை நாம் வேடிக்கை பார்க்கிறவராக ஆக்கிவிடுகிறோம். மாறாக, பிள்ளைகளில் ஒருவரைத் திரையைப் பகிரச் சொல்லுங்கள். அவர் கை மட்டும் அசைக்கட்டும். இன்னொருவர் வாயால் வழி சொல்லட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். வழி சொல்லும் பிள்ளை "அதை எடுத்து இங்கே போடு" என்று ஆரம்பித்து, நாலைந்து நிமிடத்திலேயே "ரிப்பீட்டுக்குள்ளே மூவைப் போடு" என்று துல்லியமாகப் பேசத் தொடங்குவதைக் கேட்பீர்கள். கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டை மற்றவர்களுக்குக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஸ்கிராட்ச் கணக்குக்குச் சொந்தப் பெயரை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் வகுப்பில் பிள்ளைகளைத் தனித்தனி அறைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

சான்றிதழ் தர வேண்டுமா, எத்தனை வாரத்தில் ஆப் செய்யவைக்கலாம் என்று பெற்றோர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. 2020-ல் வந்த கோடிங் விளம்பரங்கள் அவர்களை அப்படிப் பயமுறுத்தியிருந்தன. விளம்பரங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் தலையிட்ட பிறகுதான் சில விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. பெற்றோரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைதான் படிக்கும். அதற்கு இன்னும் மூன்று, நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பில் ஆப் செய்யாவிட்டால் எந்த ரயிலும் போய்விடாது. ஒரு லூப்பை ஓட்டாமலே அது என்ன செய்யும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, பின்னால் எந்த மொழி வந்தாலும் பயமில்லை.

வரும் சனிக்கிழமை புதுப் பாடம் எதுவும் எடுக்க வேண்டாம். முக்கோணத்தில் தொடங்குங்கள், முழு வகுப்பும் அதிலேயே போனாலும் போகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ட்ரேஸ் டேபிள் கொடுங்கள். வந்த படங்களில் நாலைந்தைப் பெயரை மறைத்து எனக்கு அனுப்பிவையுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, அடுத்த வாரத்துக்கான கேள்விகளை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு ஆசிரியை