ராத்திரிக் கபடியைப் படமெடுக்க

அன்புள்ள தம்பிக்கு,

ஊர்த் திருவிழாக் கபடியில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தருணங்களைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் ரெய்டரின் கையும் முகமும் இழுபட்டுத் தெரிகின்றன. நாய்ஸ் வந்துவிடும் என்று பயந்து ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் ஏற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் வேண்டாம். நாய்ஸை வீட்டில் உட்கார்ந்து குறைத்துக்கொள்ளலாம். ஆடிப்போன முகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால் ஷட்டரை முதலில் முடிவு செய்யுங்கள். மேனுவலில் 1/800 நொடி வையுங்கள், பாய்ச்சலுக்கு 1/1000. அடுத்து அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவிடுங்கள். உங்கள் கிட் லென்ஸ் ஜூம் செய்தால் எஃப்/5.6-க்குப் போய்விடும். 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சம் தரும். களத்தை ஒட்டி உட்கார முடிகிற ஆட்டம் என்பதால் அந்த லென்ஸே போதும். மிச்சத்தை ஐஎஸ்ஓவிடம் விடுங்கள். 6400 வரை போனாலும் போகட்டும். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் ஏற்றினால் நிழல்களில் நாய்ஸ் பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, ரெய்டரின் நெஞ்சைப் பின்தொடருங்கள். நடுவருக்கு இடைஞ்சல் இல்லாமல் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தாழ உட்காருங்கள். நாலு பேர் பிடியில் கிடப்பவர் கோட்டைத் தொட விரலை நீட்டும்போது, அந்த விரலும் முகமும் உங்களைப் பார்த்தே வரும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மைதான விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கி எழுகின்றன. அடுத்தடுத்து எடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறுவது அதனால்தான். கேமராவில் ஆன்ட்டி-ஃபிளிக்கர் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். கண் கூசிய நொடியில் ஆடுபவர் காயப்படலாம்.

கட்டாயம் ரா கோப்பாக எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கழிப்பதுதான். ஒவ்வொரு படத்தையும் 100 சதவீதம் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். கூர்மை இல்லாததைத் தயங்காமல் தள்ளுங்கள். தேறியதில் ஒன்றுக்கு ஒயிட் பேலன்ஸும் வெளிச்சமும் சரிசெய்து, அதே அமைப்பை மற்றவற்றுக்கும் கொடுங்கள்; விளக்கால் நிறம் மாறியதை மட்டும் தனியே திருத்துங்கள். பிறகு நாய்ஸ் குறைப்பு, கிராப், கடைசியில் ஷார்ப்பனிங். நாய்ஸை முழுக்கத் துடைத்தால் தோல் மெழுகாகிவிடும், வியர்வையும் மண்ணும் காணாமல் போகும், பாதியில் நிறுத்துங்கள். காசில்லாத டார்க்டேபிள் மென்பொருளிலேயே இவ்வளவும் முடியும்.

2014-இல் தொடங்கிய புரோ கபடிக்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பையன்களின் ஆட்டத்துக்கு நீங்கள்தான் சாட்சி. அதனால் ஒவ்வொரு படத்தோடும் ஆடியவர் பெயரையும் தேதியையும் எழுதிவைத்து, அவர்களிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்