ஒட்டினாலும் ஒட்டாத சொற்கள்

பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்களிலும், போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் இடங்களின் நகல் தாள்களிலும் ஒரு பக்கம் தவறாமல் இருக்கும். ஒருபுறம் அன், இன், டிஸ், ரீ, மிஸ் என்று முன்னொட்டுகள். மறுபுறம் நெஸ், மென்ட், ஏபிள், லி, எர் என்று பின்னொட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பொருள். இவற்றை உருப்போட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான சொற்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று நம்பப்படுகிறது. நம்பிக்கை நம் ஊரில் மட்டும் விளைந்ததல்ல. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரவுன் 1947இல் பதினான்கு ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றிலுள்ள ஒட்டுகளையும் வேர்களையும் அறிந்தவருக்கு 14,000க்கும் மேற்பட்ட சொற்களின் பொருள் துலங்க வழி கிடைக்கும் என்றார். ஆனால் கவனியுங்கள்: பிரவுன் பேசியது சொல்லைப் படித்துப் புரிந்துகொள்வதைப் பற்றி. நம் பட்டியலோ சொல்லைச் செய்து தருவதாகச் சொல்கிறது. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

படிப்பதற்கு ஒட்டுகள் உதவும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் வரும் சொற்களை வைத்து வைட், சோவெல், யானகிஹாரா ஆகிய மூவர் 1989இல் கணக்கிட்டார்கள். முன்னொட்டுள்ள சொற்களில் 58 விழுக்காடு அன், ரீ, இன், டிஸ் என்ற நான்கையே கொண்டிருந்தன; இருபது முன்னொட்டுகளில் 97 விழுக்காடு அடங்கிவிட்டது. ஆக, நீண்ட பட்டியலே தேவையில்லை. ஆனால் அதே மூவர் எச்சரிக்கையும் தந்தார்கள்: ஒட்டுபோலத் தெரிவதெல்லாம் ஒட்டு அல்ல. 'அங்கிள்' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் 'அன்' என்பதன் எழுத்துகளே. அதை வைத்து மாமாவை எதிர்மறை ஆக்க முடியாது. 'வேல்யுவபிள்' என்றால் மதிப்புள்ளது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது அல்ல, விலைமதிக்க முடியாதது. நெடுஞ்சாலையில் முன்னே போகும் பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருப்பார்கள். பட்டியலை நம்பியவர் அதை 'தீப்பற்றவே பற்றாது' என்று படிக்க வேண்டியிருக்கும். அங்கே உள்ள 'இன்' எதிர்மறை 'இன்' அல்ல. 'உள்ளே' என்ற பொருளில் லத்தீன் வினையிலேயே ஒட்டியிருந்தது. ஆங்கிலம் பேசுபவர்களே குழம்பியதால்தான் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் 'ஃப்ளேமபிள்' என்று எழுதும்படி வலியுறுத்தியது.

சொல்லைப் புதிதாக ஆக்கும்போது நிலைமை இன்னும் மோசம். 'அன்', 'இன்' இரண்டுக்கும் பட்டியலில் ஒரே பொருள்தான். 'ஏபிள்' என்பதன் எதிர்மறை 'அனேபிள்', பெயர்ச்சொல்லாக்கினால் 'இனபிலிட்டி'. 'அன்ஜஸ்ட்' என்பவர் செய்வது 'இன்ஜஸ்டிஸ்'. 'அன்ஈக்வல்' என்றாலும் கிடைக்கும் பெயர் 'இன்ஈக்வாலிட்டி'. 'அன்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து. 'இன்' லத்தீனிலிருந்து, பெரும்பாலும் 1066க்குப் பிறகு நார்மன்களின் பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரே வேலைக்கு இரண்டு குடும்பத்து ஆட்கள் வந்துசேர்ந்ததால், எங்கே எது என்பதை விதி தீர்மானிக்கவில்லை, வழக்கம் தீர்மானித்தது. வினையைப் பெயராக்குவதிலும் இதே கதைதான்: 'அக்ரீ' என்பதற்கு 'மென்ட்', 'ரெஃப்யூஸ்' என்பதற்கு 'அல்', 'அக்செப்ட்' என்பதற்கு 'அன்ஸ்'.

இதில் ஆங்கிலத்தைத் திட்டுவதற்கு முன் நம் மொழியைப் பார்க்கலாம். 'ஓடு' என்பதிலிருந்து ஓட்டம், 'நடி' என்பதிலிருந்து நடிப்பு, 'கேள்' என்பதிலிருந்து கேள்வி, 'மற' என்பதிலிருந்து மறதி, 'வா' என்பதிலிருந்து வரவு. விகுதிகளின் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தமிழ் கற்கும் வெளிநாட்டவர் 'ஓடிப்பு' என்றோ 'நடித்தி' என்றோ சொன்னால் சிரிப்போம். எந்த வினையோடு எந்த விகுதி என்பதை நாம் இலக்கணத்தில் படிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்தது. அதேசமயம், 'தல்' விகுதி எதிலும் ஒட்டும்: ஓடுதல், நடித்தல், மறத்தல், வருதல். ஆங்கிலத்திலும் இப்படித் தாராளமான ஒட்டுகள் உண்டு. பண்பைச் சொல்லும் சொல்லோடு 'நெஸ்', வினையோடு 'ஏபிள்', திரும்பச் செய்வதற்கு 'ரீ' ஆகியவற்றை ஓரளவு துணிந்து ஒட்டலாம். பட்டியல்கள் தாராளமானதையும் கறாரானதையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன. அதுதான் அவற்றின் பெரிய குறை.

'எர்' சேர்த்தால் செய்பவர் என்கிறார்கள். 'டீச்சர்' சரி. சமைப்பவர் 'குக்'தான், 'குக்கர்' அடுப்பில் விசில் அடிப்பது. திருடுபவரை 'ஸ்டீலர்' என்று யாரும் சொல்வதில்லை, 'தீஃப்' அந்த இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால். மொழியியலாளர் மார்க் அரோனாஃப் 1976இல் வெளியிட்ட நூலில் இதைத் தடுத்தல் என்ற பெயரில் விளக்கினார்: புழங்கும் சொல் ஒன்று இருந்தால், விதிப்படி பிறக்க வேண்டிய சொல் பிறப்பதில்லை. இதைவிட ஆபத்தானது 'லி'. 'ஃப்ரெண்ட்லி' வினையடை அல்ல, பெயரடை. 'ஹார்ட்லி' வினையடைதான், பொருள் வேறு. வேலைக்கான விண்ணப்பத்தில் 'கடினமாக உழைப்பேன்' என்று சொல்ல நினைத்து 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதுபவர், 'நான் அநேகமாக வேலையே செய்வதில்லை' என்று கையெழுத்திட்டுத் தருகிறார்.

ஒலியைப் பட்டியல்கள் தொடுவதே இல்லை. ஒரு விஷயத்தில் தமிழருக்கு இது எளிது. 'இன்' என்பது 'பாசிபிள்' முன் 'இம்' ஆகிறது, 'லீகல்' முன் 'இல்', 'ரெகுலர்' முன் 'இர்'. மரமும் கள்ளும் சேர்ந்து மரங்கள் ஆகும் புணர்ச்சியை அறிந்தவருக்கு இதில் வியப்பு இருக்காது. 'அன்' மட்டும் எழுத்தில் எதற்கும் அசையாது: 'அன்பாப்புலர்', 'அன்லக்கி'. உண்மையான தொல்லை அழுத்தத்தில் இருக்கிறது. 'ஃபோட்டோகிராஃப்' முதல் அசையில் அழுத்தம் பெறும், 'ஃபோட்டோகிராஃபி' இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்' மூன்றாவதில். 'இட்டி', 'இக்', 'ஷன்' போன்றவை அழுத்தத்தை இழுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். 'நெஸ்', 'லெஸ்', 'ஃபுல்' சொல்லைத் தொந்தரவு செய்வதில்லை.

இந்தியர்கள் 'ப்ரீபோன்' என்ற சொல்லை ஒட்டு வைத்துத்தானே ஆக்கினார்கள், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளே ஏற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். நல்ல கேள்வி, ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கூட்டத்தை முன்கூட்டி நடத்துவதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'போஸ்ட்போன்' என்பதற்கு இணையான ஒற்றைச் சொல் பழக்கத்தில் இல்லை. இடம் காலியாக இருந்தது. நம் அலுவலகங்கள் நாள்தோறும் புழங்கி அதை நிலைநிறுத்தின. ஒட்டு சொல்லை முன்மொழியும். பேசுபவர்கள் வழிமொழிந்தால்தான் அது சொல். தேர்வில் மதிப்பெண் வருகிறதே என்பது அடுத்த மறுப்பு. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் சரியான ஒட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பட்டியல் போதும். அங்கே விடை நான்கில் ஒன்றாக அச்சிட்டிருக்கும். கடிதம் எழுதும்போது யாரும் நான்கு தெரிவுகள் தரமாட்டார்கள்.

நார்பர்ட் ஷ்மிட்டும் செரில் சிம்மர்மனும் 2002இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சொல்லின் பெயர், வினை, பெயரடை, வினையடை வடிவங்களைக் கேட்டபோது, நான்கையும் எழுதியவர்கள் குறைவு. பெயரும் வினையும் ஓரளவு வந்தன. பெயரடையும் வினையடையும் தடுமாறின. ஒரு வடிவம் தெரிந்தால் மற்றவை தாமாக வந்துவிடுவதில்லை. எனவே 'டிசைட்' என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதும்போதே, 'டிசிஷன்', 'டிசைசிவ்', 'டிசைசிவ்லி' மூன்றையும் ஆளுக்கொரு வாக்கியத்தோடு கீழே எழுதி, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு போடுவதே நல்லது. பட்டியலைவிட இது கூடுதல் வேலைதான். அகராதியில் அந்த வடிவங்கள் பெரும்பாலும் அதே பக்கத்தில் இருக்கும். இல்லாத வடிவத்தை நாமாக ஒட்டிச் செய்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.