மழைக்கு முன் கொல்லையைச் செப்பனிடுவோம்



குளிர் தேசங்களிலே வருஷத்தில் ஒரு காலம் உண்டு. மரங்களெல்லாம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் காலம் அது. அப்போது அந்நாட்டார் சருகைக் கூட்டி, காய்ந்த கிளைகளைக் கழித்து, செடிகளின் வேரடியை வைக்கோலால் மூடி, வரப்போகிற பனிக்குத் தங்கள் தோட்டத்தைத் தயார் செய்வார்கள். நமது பண்டார் தெங்காராவிலே பனி ஏது? ஜொகூரில் ஆண்டு முழுவதும் ஒரே வெக்கைதான். ஆகவே நமக்கு அப்படி ஒரு வேலை இல்லை என்று எண்ணிவிடுகிறோம். அது தவறு. அவர்களுக்குப் பனி என்றால் நமக்கு மழை.

நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இங்கே வீசுவது வடகிழக்குப் பருவக் காற்று. நம்மில் பலருடைய முன்னோர் பிறந்த ராமநாதபுரம், தஞ்சைச் சீமைகளில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்வதும் இதே பருவத்திலேதான். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே மழைக்கு முன் கண்மாயின் வரத்துக் காலைச் சுத்தம் செய்து, கரையைப் பலப்படுத்தி, விழுகிற நீரைப் பிடித்து நிறுத்தப் பாடுபடுவார்கள். இங்கே நாம் செய்ய வேண்டியது, விழுகிற நீர் நம் கொல்லையில் எங்கும் நிற்காமல் போக வழி விடுவது. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்: நீருக்கு வழி விடுங்கள்.

இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம். கடையில் வியாபாரம் மும்முரம். கொல்லைப் பக்கம் நான் எட்டிப் பார்த்து வாரக்கணக்காயிற்று. என் இளைய மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் டெங்கி என்றார்கள். ஐந்து நாள் அவள் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தேன். அதே வாரம் அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவரின் பேரனுக்கும் அதே காய்ச்சல். பிறகு சுகாதார இலாகாவினர் வந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, கொசுப்புழு நெளிந்த இடம் எது தெரியுமா? என் கறிவேப்பிலைத் தொட்டியின் அடியில் நான் ஆசையாக வைத்த தட்டும், கூரை ஓரத்தில் சருகு அடைத்துக் கிடந்த நீர்க்கால்வாயுந்தான். அந்தப் பிள்ளைகளைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யாரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும் என் மனம் அறியும். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. என் மகளுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினார். அந்தக் கஞ்சியை வாங்கும்போது எனக்கு ஏற்பட்ட வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நிற்க. அக்டோபர் மாதத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: சாக்கடை

லோங்காங் என்று நாம் சொல்லும் சாக்கடையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் மாவிலை, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பை ஆகியவை சேர்ந்தால், ஒரு மணி நேர மழையே போதும். நீர் திரும்பிக் கொல்லைக்குள் வரும். நம் கொல்லை மேடாக இருந்தால் தாழ்ந்திருக்கும் அண்டை வீட்டுக்குப் போகும். கூட்டிய குப்பையைச் சாக்கடையில் தள்ளுகிறவர், அதை அடுத்தவர் வாசலில் கொட்டுகிறார் என்றுதான் பொருள்.

நம் பக்கத்தில் விழும் மழைநீர் ஜொகூர் ஆற்றைச் சேர்ந்து கோத்தா திங்கி வழியாகக் கடலுக்குப் போகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தில் கோத்தா திங்கிப் பட்டணம் இருமுறை மூழ்கியது. ஜொகூர் மாநிலத்தில் லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அத்தனை பெரிய வெள்ளத்தை ஒரு வீட்டுச் சாக்கடை தடுத்துவிடாது. ஆனால் சிறு மழையையும் வெள்ளமாக்குகிற சக்தி அடைபட்ட சாக்கடைக்கு உண்டு.

இரண்டாவது: மரமும் கிளையும்

கூரை மேல் சாய்ந்த மாங்கிளையைக் கழித்துவிடுங்கள். காய்த்து ஓய்ந்த ரம்புத்தானில் காய்ந்த கிளைகளையும், உள்ளே நெருங்கிக் கிடப்பவற்றையும் நீக்குங்கள்; காற்று புகுந்து வெளியேறும் மரம் சாய்வது குறைவு. முருங்கை எளிதில் முறியும் மரம். அதைப் புயலடிக்கும் வரை விட்டு வைக்காமல் ஆளுயரத்துக்கு வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். வெட்டிய கொம்பை நட்டால் இன்னொரு மரமாகும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுங்கள். மின்சாரக் கம்பியைத் தொடும் கிளையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அதை மின்சார இலாகாவுக்குத் தெரிவிப்பதே அறிவுடைமை.

மூன்றாவது: பாத்தி

மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு மழை நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். மனிதனுக்கு மூச்சு வேண்டுவது போல வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் நீர் கட்டி நின்றால் அந்தக் காற்று போய்விடுகிறது; வேர் அழுகுகிறது; இலை மஞ்சளாகிறது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நாம் இன்னும் ஊற்றுகிறோம். செடி செத்துப் போகிறது. ஆகவே பாத்தியை ஓர் அடி உயர்த்தி, இரு பக்கமும் சிறு வாய்க்கால் வெட்டிச் சாக்கடை பக்கமாகச் சரித்து விடுங்கள். தொட்டியின் அடித்துளையில் குச்சியை விட்டு அடைப்பைக் குத்தி எடுங்கள்.

உரம் வாங்க வருகிறவரிடம் நானே சொல்வதுண்டு: “அண்ணே, அடைமழைக்கு முந்தி போடாதீங்க. போட்ட உரம் செடிக்குப் போகாது, சாக்கடைக்குத்தான் போகும்.” வியாபாரத்துக்கு நஷ்டம் என்றாலும் உண்மை அதுதான். மழை சற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதே சிக்கனம்.

நான்காவது: சருகு

கூட்டிய சருகைக் கொளுத்துவது நம்மவரில் பலருக்குப் பழக்கம். திறந்த வெளியில் குப்பை எரிப்பது இந்நாட்டுச் சட்டப்படி குற்றம்; புகையும் அண்டை வீட்டாரின் மூச்சில்தான் ஏறுகிறது. அதைவிடச் சருகு ஒரு செல்வம் அல்லவா? கொல்லையின் மேடான மூலையில் குவித்து, சமையலறைக் காய்கறித் தோலையும் சேர்த்து, மேலே ஒரு தகரத்தால் மூடி, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் கறுத்த எரு கிடைக்கும். எஞ்சிய சருகைச் செடியைச் சுற்றி இரண்டு மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பினால், மழையடியில் மேல்மண் கரைந்து போகாது. தண்டைத் தொடாதபடி சற்றுத் தள்ளிப் பரப்புங்கள். இல்லையேல் தண்டு அழுகும். குவியலில் பாம்பும் எலியும் தங்கும். வெறுங்கையை நுழைக்க வேண்டாம். எலியின் சிறுநீரால் கெட்ட நீர் கால் புண் வழியே நோய் தரும். ஆகையால் தேங்கிய நீரில் இறங்குகிறவர் பூட்ஸ் அணிந்து இறங்குக.

ஐந்தாவது: தேங்கும் நீர்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்து தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. குளம் குட்டை அதற்குத் தேவையில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும். முட்டை புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டினால் அதன் வம்சம் அறுபடும். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிய முட்டை, நீரில்லாமலே பல மாதங்கள் உயிரோடு கிடந்து, மீண்டும் மழை பட்டதும் பொரிக்கும். ஆதலால் தேங்காய் நார் கொண்டு நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும்.

தொட்டித் தட்டு, பழைய டயர், கவிழ்க்காத வாளி, வெட்டிய மூங்கிலின் கணு, கூரை ஓரத்து நீர்க்கால்வாய், ஒது எடுக்க நிரப்பி வைக்கும் மூடாத தொட்டி ஆகிய அனைத்தையும் பாருங்கள். இந்நாட்டில் 2019 ஆம் ஆண்டில் மட்டும் 1,30,000 பேர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் எத்தனை பேருடைய காய்ச்சல் ஒரு தொட்டித் தட்டில் பிறந்ததோ! இந்தக் கொசு வெகுதூரம் பறப்பதில்லை. அது நம்மைக் கடிக்கும். இல்லையேல் நம் அண்டை வீட்டாரைக் கடிக்கும்.

சகோதரர்களே! கடைக்காரன் வாரம் ஒரு முறை சரக்கை எண்ணிப் பார்க்கிறான்; கெட்டதை அப்புறப்படுத்துகிறான். அதே போல வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது வீடு திரும்பியதும் பத்து நிமிஷம் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது. உங்கள் வீடு முடிந்ததும், பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவர் எவரேனும் இருந்தால் அனுமதி கேட்டு அவர் சாக்கடையையும் தள்ளிவிடுங்கள். அவர் எந்த இனத்தவராயினும் சரி, அண்டை வீட்டார் அண்டை வீட்டாரே.

என் கறிவேப்பிலை இன்று தரையில் நிற்கிறது. அதற்குத் தட்டு இல்லை. மாதம் இருமுறை அதில் ஒரு கொத்துப் பறித்து அந்தப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். இன்ஷா அல்லாஹ், இந்த வருஷ மழைக்கு நமது தெருவில் எந்தப் பிள்ளையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்காதிருக்கட்டும்.