துருவை விடுங்கள், மூட்டைப் பாருங்கள்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்காலம் நெருங்கினால், தச்சுப்பட்டறை வைத்திருப்பவர்கள் பழைய விறகுக் கணப்பு அடுப்புகளைத் தேடத் தொடங்குவார்கள். அடுப்போடு சில கதைகளும் சேர்ந்தே கைமாறும்.

நம்பிக்கை: கதவில் வார்த்திருக்கும் ஆண்டுதான் அடுப்பு செய்த ஆண்டு.

உண்மை: பெரும்பாலும் அது காப்புரிமை பெற்ற ஆண்டு. அதே அச்சில் வார்ப்பாலைகள் பல ஆண்டுகள் வார்த்துத் தள்ளும். ஆகவே அடுப்பு அதற்குப் பிந்தியது என்று மட்டும் சொல்லலாம். ‘பிராங்க்ளின்’ என்ற பெயரும் வயதைச் சொல்லாது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் தன் அடுப்பை வடிவமைத்தபோது காப்புரிமையே வேண்டாமென்று மறுத்துவிட்டார். அந்தப் பெயரில் 1970களிலும் அடுப்புகள் விற்றன. ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் இருக்கும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியை அடையாளம் காணவும் உதிரி பாகம் தேடவும் அவைதான் கைகொடுக்கும்.

நம்பிக்கை: காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு, விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: எஃகுத் தகட்டிலும் காந்தம் ஒட்டும். வார்ப்பிரும்பில் எழுத்தும் பூவேலையும் உடம்போடு சேர்ந்து புடைத்திருக்கும். பலகைகளை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். தகட்டு அடுப்பில் மடிப்பும் வெல்டிங் தழும்பும் தெரியும். தகட்டை எளிதாகப் பற்றவைக்கலாம். வார்ப்பிரும்போ முன்கூட்டியே சூடேற்றாமல், நிக்கல் கம்பி போன்ற உரிய கம்பி இல்லாமல் பற்றவைத்தால், ஆறும்போது பக்கத்திலேயே மறுபடி விரியும்.

நம்பிக்கை: துரு பிடித்த அடுப்பு காயலான் கடைக்குத்தான்.

உண்மை: மேல்துரு கம்பி பிரஷ்ஷுக்கே போய்விடும். பிறகு கிராஃபைட் பாலிஷோ, சுமார் 650 டிகிரி செல்சியஸ் தாங்கும் அடுப்புப் பெயின்டோ பூசலாம். கெடுவது பெரும்பாலும் மூட்டுகளே. பலகைகளுக்கு நடுவே இருந்த சிமென்ட் உதிர்ந்தால் சந்து வழியே காற்று நுழையும். காற்றைக் குறைத்தாலும் நெருப்பு அடங்காது. இருட்டில் அடுப்புக்குள் டார்ச் வைத்துப் பாருங்கள்: வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் காற்று புகும் இடம். கழற்றிச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் சிமென்ட் வைத்து மறுபடி பூட்டினால் தீர்ந்தது. பழைய கதவுக் கயிற்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் கல்நார் இருக்கலாம். பரிசோதிக்காமல் உலர்ந்தபடி சுரண்டக் கூடாது. இன்று அதற்குக் கண்ணாடியிழைக் கயிறு கிடைக்கிறது.

நம்பிக்கை: கதவுச் சன்னல் உடைந்தால் கண்ணாடி வெட்டிப் போடலாம்.

உண்மை: பழைய அடுப்புகள் பலவற்றில் இருந்தது கண்ணாடியே அல்ல, மைக்கா, நம் ஊர்க் காக்காப்பொன். சாதாரணச் சன்னல் கண்ணாடி அந்தச் சூட்டில் தெறித்துவிடும். சன்னல் வரிசையாக இருந்து, அடியில் ஆட்டிச் சாம்பல் உதிர்க்கும் கம்பித் தட்டும் இருந்தால், அது நிலக்கரிக்காகச் செய்த அடுப்பாகவும் இருக்கலாம். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: பட்டறைதானே, எங்கேயும் வைக்கலாம், எந்தத் தகரக் குழாயும் போதும்.

உண்மை: துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகும், அதன் புகை நஞ்சு. கறுப்பு எஃகுக் குழாய்தான் சரி. ஆய்வகச் சான்றுத் தகடு இல்லாத அடுப்பை, எரியக்கூடிய சுவரிலிருந்து 36 அங்குலம் தள்ளி வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 211. கார் நிற்கும் கராஜில் விறகு அடுப்பையே அது அனுமதிப்பதில்லை. மரத்தூளும் தின்னர் ஆவியும் சூழ்ந்த பட்டறையில் இருப்பவருக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

விலை பேசப் போகும்போது காந்தத்தை வீட்டில் வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துப் போங்கள்.