இரவுக் கணக்கில் ஒரு ஃப்ளாட்

கேள்வி: 2025 ஏப்ரலில் எங்கள் நியூஹம் கவுன்சில் வரி ஏறக்குறைய 9 சதவீதம் ஏறியது. விசாரித்தால், வீடற்ற குடும்பங்களைத் தற்காலிகமாகத் தங்கவைக்கும் செலவுதான் பெரிய காரணம் என்கிறார்கள். என் மைத்துனருக்கு இல்ஃபோர்டில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒன்று இருக்கிறது. அதை ஒரு ஏஜென்ட் மூலம் இரவுக் கணக்கில் கவுன்சிலுக்குத்தான் விட்டிருக்கிறார். மாத வாடகையைவிட நல்ல காசு என்கிறார். இவ்வளவு கொட்டிக் கொடுக்கும் கவுன்சில் அந்தப் பணத்தில் வீடே கட்டிவிடலாமே? எப்படியும் வாடகையை அரசாங்கம் பெனிஃபிட்டாகத் திருப்பித் தந்துவிடுகிறதே, பிறகு எதற்கு எங்கள் வரி?
– வாசகர், ஈஸ்ட் ஹாம், இலண்டன்

பதில்: உங்கள் மைத்துனரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அவருடைய ஃப்ளாட்டிலேயே இருக்கிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே பலர் அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்களின் ஹோட்டல்களுக்குத் தாவிவிடுவார்கள். நீங்கள் தாவவில்லை, நன்றி. அந்த ஹோட்டல் பில்லைக் கட்டுவது உள்துறை அமைச்சகம். கவுன்சில் வரிக்கு அதில் பங்கில்லை. நாம் பேசுவது வேறு குடும்பங்களைப் பற்றி. தெருவில் படுப்பவர்கள்கூட இதில் அதிகமில்லை. வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் திருப்பிக் கேட்டதால் பிள்ளைகளோடும் பைகளோடும் வெளியே வந்தவர்கள் இதில் பலர். 2025 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் இப்படித் தற்காலிக இருப்பிடங்களில் இருந்த குடும்பங்கள் 1,31,000-க்கும் மேல். மக்கள்தொகைக்கு இத்தனை என்று பார்த்தால் நாட்டிலேயே முதலிடம் உங்கள் நியூஹமுக்கு.

இவர்களுக்கு இடம் கொடுப்பது கவுன்சிலின் தயவு அல்ல. 1977-இல் வந்த சட்டம் இதைக் கடமையாக்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் ஏழாம் பகுதி. கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளையோ உள்ள குடும்பம், கர்ப்பிணி, வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவர் ஆகியோர் ‘முன்னுரிமைத் தேவை’ உள்ளவர்கள், அதாவது காத்திருக்கச் சொல்ல முடியாதவர்கள். அவர்கள் வீடற்றவர்களாக இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும், இடம் கொடுத்தாக வேண்டும். விசாரணை, ஆவணம் எல்லாம் அதற்குப் பிறகு. இடம் என்றால் அடுத்த மாதம் அல்ல, அன்றைக்கே.

இனி உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு வருகிறேன். அரசாங்கம் வாடகையைத் திருப்பித் தந்துவிடுகிறது என்று நீங்கள் மட்டும் நினைக்கவில்லை, கவுன்சிலர்களில் சிலரே அப்படி நினைத்துக்கொண்டு பதவிக்கு வருகிறார்கள். நடப்பது இது. அந்தக் குடும்பத்துக்கு ஹவுசிங் பெனிஃபிட் உண்டு. அதைக் கொடுப்பது கவுன்சில். கொடுத்ததை மத்திய அரசிடம் ‘மானியமாக’க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மானியத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எல்.எச்.ஏ. விகிதம் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஒரு வட்டாரத்தில் இத்தனை அறை வீட்டுக்கு இவ்வளவு வாடகை வரை உதவி தரலாம் என்று அரசு வைக்கும் அளவு. தற்காலிக இருப்பிடத்துக்கு அந்த விகிதத்தில் 90 சதவீதம்தான் மானியம். அதுவும் இந்த ஆண்டின் விகிதம் அல்ல. 2011 ஜனவரியில் என்ன இருந்ததோ அது.

ஆமாம், 2011. அச்சுப்பிழை அல்ல.

மைத்துனர் ஃப்ளாட்டை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொள்பவை. 2011-இல் அந்த அளவு ஃப்ளாட்டுக்கு விகிதம் வாரம் 200 பவுண்ட் என்றால், அதில் 90 சதவீதம் 180. ஏஜென்ட் இரவுக்கு 60 பவுண்ட் கேட்கிறார், வாரத்துக்கு 420. மீதி 240 பவுண்டை அந்தக் குடும்பத்திடம் வசூலிக்க முடியாது. அவ்வளவு பணம் இருந்தால் அவர்கள் ஏன் அங்கே வருகிறார்கள்? அது கவுன்சிலின் பொதுக் கணக்கில் விழுகிறது. பூங்கா, நூலகம், குப்பை அள்ளுவது எல்லாம் நடக்கும் அதே கணக்கு, உங்கள் வரி போய்ச் சேரும் கணக்கு. ஆண்டுக்கு 12,480 பவுண்ட், ஒரே ஒரு ஃப்ளாட்டுக்கு. சமையல் வசதி இல்லாத விடுதி அறை என்றால் இன்னும் மோசம். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் ஒரு பெட்ரூம் வீட்டின் பழைய விகிதம்தான் வரம்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த விகிதத்தை உறைய வைத்தபோது அது கவுன்சில்களுக்குச் சாதகமாகவே இருந்தது. 2011 ஏப்ரலில் மற்ற வாடகைதாரர்களுக்கான எல்.எச்.ஏ.வை நடுமட்ட வாடகையிலிருந்து இறக்கி, வட்டார வாடகைகளை வரிசைப்படுத்தினால் கீழிருந்து 30 சதவீதத்தில் நிற்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். தற்காலிக இருப்பிடம் மட்டும் பழைய, தாராளமான அளவிலேயே நின்றது. பிறகு வாடகைகள் ஏறின. மற்றவர்களுக்கான எல்.எச்.ஏ.வையும் 2020-லும் 2024-லும் உயர்த்தினார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. ஒரு காலத்தில் சலுகையாக இருந்த எண் எந்த ஆண்டில் சுருக்குக் கயிறானது என்று குறிப்பாகச் சொல்ல முடியாதபடி, மெல்ல மெல்ல நடந்த மாற்றம் இது.

சரி, இரவுக் கணக்கு எதற்கு? மாத வாடகைக்கே எடுத்தால் மலிவாயிற்றே?

முன்பு அப்படித்தான் எடுத்தார்கள். கவுன்சில் தனியாரிடம் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு குத்தகைக்கு வீடுகளை எடுத்துக் குடும்பங்களை வைக்கும். 2011 விகிதத்தை ஒட்டிய குத்தகைப் பணம் கட்டுப்படியாகாமல் போனதும் உரிமையாளர்கள் விலகினார்கள். சிலர் விற்றார்கள். சிலர் ஏஜென்டிடம் போனார்கள். நேற்று வரை குத்தகையில் இருந்த அதே ஃப்ளாட், அதே சோபா, இன்று இரவுக் கணக்கில் கூடுதல் விலைக்குத் திரும்பி வருகிறது.

விலை ஏறுவதற்குக் கவுன்சிலின் பழக்கம் ஒன்றும் காரணம். வீட்டைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த உடனே உதவி கேட்டுப் போகும் குடும்பத்திடம், “பெய்லிஃப் வரும்வரை அங்கேயே இருங்கள்” என்று சொல்லி அனுப்புவது வெகுநாளாக நடக்கிறது. பெய்லிஃப் என்றால் நீதிமன்ற உத்தரவோடு வந்து வீட்டைக் காலிசெய்விப்பவர். இப்படிச் சொல்லக் கூடாது என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. இப்படித் தள்ளிப்போட்டால் அத்தனை நாள் வாடகை மிச்சம் என்பது கவுன்சிலின் மனக்கணக்கு. ஆனால் பெய்லிஃப் வந்த அன்று மாலை மூன்று மணிக்கு, பிள்ளைகளின் பள்ளிப்பை, ரைஸ் குக்கர், துணி மூட்டை சகிதம் அந்தக் குடும்பம் கவுன்டர் முன் நின்றால் அதிகாரி என்ன செய்வார்? ஐந்து மணிக்குள் ஓர் இடம் வேண்டும். ஏஜென்ட்டுகளுக்கு வரிசையாகப் போன் அடிப்பார். பக்கத்துக் கவுன்சில்காரரும் அதே ஏஜென்ட்டுக்குத்தான் அடித்துக்கொண்டிருப்பார். அங்கே பேரம் பேச முடியாது. ஒருவருக்கொருவர் விலையை ஏற்றிவிடாமலிருக்க இலண்டன் கவுன்சில்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. மாலை மூன்று மணிக்கு அந்த உடன்பாடு எவ்வளவு தாங்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இப்போது வீடு கட்டுவது. உங்கள் கணக்கு தப்பில்லை, சொல்லப்போனால் நன்றாகவே சரி. மேலே சொன்ன 12,480 பவுண்ட், 5 சதவீத வட்டியில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பவுண்ட் கடனுக்கு ஓராண்டு வட்டி. பிறகு ஏன் செய்யவில்லை?

கவுன்சில் பணம் இரண்டு வகை. அன்றாடச் செலவுக்கானது வருவாய்ப் பணம். கட்டடம், சாலை போல நெடுநாள் நிற்பவற்றுக்கானது மூலதனப் பணம். கடன் வாங்குவது மூலதனத்துக்கு மட்டும். இரவு வாடகை அன்றாடச் செலவு. இன்று கட்டத் தொடங்கினாலும் சாவி கைக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும், அதுவரை வட்டியும் கட்ட வேண்டும், இரவு வாடகையும் கட்ட வேண்டும். ஆண்டு பட்ஜெட்டில் துண்டு விழக் கூடாது என்பது சட்டம். இரட்டைச் செலவைத் தாங்கும் கவுன்சில்தான் பிறகு மிச்சம் பிடிக்க முடியும். பழைய கவுன்சில் வீடுகளின் வாடகை வருமானத்தை இதற்குத் திருப்பலாமா என்றால், அதுவும் முடியாது. 1989 சட்டப்படி அது தனிக் கணக்கு, அந்த வீடுகளுக்கே செலவிட வேண்டும். அந்த வீடுகளும் முன்போல இல்லை. 1980-இல் குடியிருப்பவரே தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளும் உரிமை வந்த பிறகு, இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கைமாறிவிட்டன. அவற்றில் கணிசமானவை இன்று தனியார் வாடகை வீடுகள். கவுன்சில் ஒரு காலத்தில் தள்ளுபடியில் விற்ற ஃப்ளாட்டையே இரவுக் கணக்கில் எடுப்பதும் நடக்கிறது.

2024-25-இல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் தற்காலிக இருப்பிடங்களுக்குச் செலவிட்டது சுமார் 280 கோடி பவுண்ட். முந்தைய ஆண்டு 229 கோடி. சுமை தாங்காத கவுன்சில்களுக்கு அரசு ‘விதிவிலக்கான நிதி உதவி’ தருகிறது. பெயரைப் பார்த்து நன்கொடை என்று நினைத்துவிடாதீர்கள். அன்றாடச் செலவுக்கும் கடன் வாங்கலாம், சொத்தை விற்கலாம் என்ற அனுமதிதான் அது. நியூஹம் அதைக் கேட்டு வாங்கியது. வாக்கெடுப்பு இல்லாமல் வழக்கமான 5 சதவீத வரம்பைத் தாண்டி வரியை உயர்த்தவும் அனுமதி பெற்றது. ஆக, வீடு கட்டக் கடன் வாங்காமல் அறை வாடகைக்குக் கடன் வாங்கும் நிலை. இதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

கட்டுவதைவிட, இருக்கும் வீடுகளை வாங்குவது இப்போது பல கவுன்சில்களின் வழி. மாதங்களில் கைக்கு வந்துவிடும், அரசும் ஒரு நிதி ஒதுக்கியிருக்கிறது. காரணமின்றி வெளியேற்றும் நோட்டீஸ் 2025-ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் ஒழிகிறது. வரிசையில் புதிதாகச் சேர்பவர்கள் அதனால் குறையலாம். ஆனால் 2011 எண்ணைத் திருத்தாமல் இந்த ஓட்டை அடைபடாது என்பது என் கணிப்பு.

மைத்துனருக்கு ஒரு வார்த்தை. கவுன்சில் நேரடிக் குத்தகைக்குக் கேட்டால் உடனே முகத்தைத் திருப்ப வேண்டாம். தொகை குறைவாகத் தோன்றும். ஆனால் பொதுவாக, காலியாகக் கிடக்கும் வாரத்துக்கும் பணம் வரும், பராமரிப்பில் ஒரு பகுதியை அவர்களே பார்ப்பார்கள். ஏஜென்டோடு அடுத்த முறை கையெழுத்துப் போடுமுன் அவரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: கவுன்சிலிடம் ஓர் இரவுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று. தன் கைக்கு வரும் தொகை மட்டும்தான் பல உரிமையாளர்களுக்குத் தெரியும்.